கவிஞர் மறைந்த பிறகு 31 நோட்டு: எதிலிருந்து தொடங்குவது?

கொடிமலை கேட்டது:

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு வாடகை ஃபிளாட். பெரியப்பா காலமாகிப் பத்து நாள் ஆகிறது. எட்டாம் நாள் முடிந்தது, பதினாறு வரப்போகிறது, மாதக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவர் அறுபதுகளின் நடுவிலிருந்து மரபுக்கவிதை எழுதியவர். பத்திரிகைகளில் மூன்று நான்கு புனைபெயர்களில் வந்திருக்கின்றன, வானொலியிலும் வாசித்திருக்கிறார். நூலாக ஒன்றும் வரவில்லை.

இருப்பவை: பள்ளிக்கூட நோட்டு 31 (ஒவ்வொன்றும் 120 பக்கம்), பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய கோப்பு 4, இரண்டு பிஸ்கட் டின் நிறையக் கடிதம், நாட்குறிப்பு 12, கேசட் 18, பிளாப்பி 9, ஒரு கைப்பேசி. பொன்னாடை நாற்பதுக்குக் குறையாது. கேடயம் ஒரு மூட்டை.

உயில் இல்லை. பெரியம்மா இருக்கிறார். பிள்ளைகள் மூவர், கோலாலம்பூரில் இருக்கும் இருவருக்குத் தமிழ் வாசிக்க வராது. "முக்கியமானதைப் போட்டோ எடுத்துக்கிட்டு மத்ததைப் பேப்பர் லாரிக்குப் போட்டுடலாம்" என்பது வீட்டில் ஒரு கட்சி. "எல்லாத்தையும் முதல் வருஷத் திவசத்துக்குப் புத்தகமா போடலாம்" என்பது இன்னொரு கட்சி. இந்த மூன்று வாரத்தில் செய்தே ஆக வேண்டியது எது, தள்ளிப்போடக் கூடியது எது?

---

ராமபாணம்:

தள்ளிப்போட முடியாதது ஒன்றுதான்: எது எங்கே, எதோடு இருந்தது என்ற வரிசை. காகிதம் ஐம்பது ஆண்டு தாங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். வரிசை பதினாறாம் நாள் மத்தியானமே போய்விடும். ஒத்தாசைக்கு வருகிற சொந்தக்காரர்கள் நல்ல மனதோடு பெரிய நோட்டு கீழே, சின்ன நோட்டு மேலே என்று அடுக்கி வைத்துவிடுவார்கள். தேதி போடாத ஒரு கவிதையின் வயதைச் சொல்லக் கூடியது பல சமயம் அதற்குப் பக்கத்தில் கிடந்த மின்கட்டண ரசீது மட்டும்தான்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன் அலமாரி, மேசை இழுப்பறை, கட்டிலுக்கு அடியில், பீரோ மேல் என்று இடம் இடமாகப் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு நோட்டின் பின்னட்டை உள்பக்கத்தில், மூலையில், மெல்லிய பென்சிலால் ஓர் எண். பேனா கூடாது, ஸ்டிக்கர் கூடாது. ஸ்டிக்கர் பசை இந்த ஊர் வெக்கையில் ஓரிரு வருஷத்தில் வழிந்து அடுத்த நோட்டையும் பிடித்துக்கொள்ளும். நோட்டுக்குள் செருகியிருக்கும் கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு எதுவானாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

படம் எடுத்துக்கொண்டு மற்றதை லாரிக்குப் போடலாம் என்பவரிடம் சொல்லுங்கள்: எது முக்கியம் என்று இப்போது யாருக்கும் தெரியாது. 'சூராட் காபார் லாமா' (மலாயில், பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வருகிற லாரியில் ஏறியது திரும்பாது. யாராவது ஒரு நோட்டை நினைவுக்கு என்று எடுத்துப் போனால் தடுக்க வேண்டாம், எடுத்தவர் பெயரையும் நோட்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடைப்பது எதில் என்பது முக்கியம். அட்டைப்பெட்டி கரையானுக்கு விருந்து. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பிளாஸ்டிக் பெட்டி (பாலிப்ரோப்பிலீன்) நல்லது. புது ரப்பர்ச் செருப்பு வாசம் அடிக்கிற பிளாஸ்டிக் வேண்டாம். நோட்டுகளைப் படுக்கவைத்து அடுக்குங்கள், பெட்டியில் கால்வாசி இடம் காலியாக இருக்கட்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அளவு தள்ளி. சமையற்கட்டுக்குப் பக்கம் ஆகாது. சாமி அறையில் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள்; எண்ணெய்ப் புகையும் தீர்த்தத் தண்ணீரும் சேர்ந்த இடம் அது, காகிதத்துக்கு அதைவிடக் கெட்ட இடம் வீட்டில் குளியலறை ஒன்றுதான்.

ஈரம்தான் பெரிய எதிரி. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். காகிதத்துக்கு 45 முதல் 55 வரை போதும். 65-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வர வாய்ப்பு உண்டு. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் சின்ன ஈரமானி ஒன்றையும் பெட்டிக்குள் போடுங்கள். துணி அலமாரிக்கு வைக்கிற, தண்ணீர் சேரும் டப்பா வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. டப்பா கவிழ்ந்தால் உப்புத்தண்ணீர் காகிதத்தில் இறங்கும், அது காயவும் காயாது. பாச்சை உருண்டைக்கும் பூஞ்சைக்கும் சம்பந்தம் இல்லை. நாற்றம் மட்டும் மிஞ்சும்.

பூச்சி தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். நோட்டை ஜிப் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வீட்டு உறைபெட்டியில் (பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி) இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்தில் அப்படியே கிடக்க வேண்டும். உடனே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தாளின் மேல் முத்து முத்தாகப் படியும், ஊற்றுப்பேனா மை கரைந்துவிடும்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கும் கருவியால் இழுக்காதீர்கள். பின்பக்கம் மடங்கிய இரண்டு காலையும் வெண்ணெய்க் கத்தி போல மழுங்கிய ஒன்றால் நிமிர்த்தி, முன்பக்கம் மெதுவாகத் தூக்கினால் வந்துவிடும். காய்ந்துபோன செலோடேப் தானாக விழுந்தால் விழட்டும், உரிக்க வேண்டாம். லேமினேட் செய்வது கொலை. சூடும் பசையும் தாளில் இறங்கினால் இறங்கியதுதான், நிபுணராலும் திருப்புவது அரிது.

பத்திரிகைத் துண்டுகளின் தாள் மரக்கூழ். அமிலம் கசிந்து எதிர்ப்பக்கத்தையும் பழுப்பாக்கும். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் அமிலமில்லாத வெள்ளைத் தாள் ஒன்று. எடுத்துக்காட்டாக, தமிழ் நேசன் 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன மலேசியத் தமிழ் நாளேடு. பழைய இதழ் தேடுவது சிரமம் என்பதால், தேதியோடு இருக்கும் துண்டைக் கையெழுத்துப் படிக்குச் சமமாக நடத்துங்கள்.

இனி படியெடுப்பது. பள்ளி நோட்டை விரித்தால் அகலம் ஏறக்குறைய 33 செ.மீ., ஏ4 ஸ்கேனரின் கண்ணாடி நீளம் 29.7. விரித்த நோட்டு அதில் அடங்காது. அழுத்தினால் முதுகு உடையும். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படத்தின் நீளம் 4032 புள்ளி. 33 செ.மீ. என்பது 13 அங்குலம். அங்குலத்துக்கு 310 புள்ளி கிடைக்கிறது, வாசிக்கவும் அச்சிடவும் அது போதும். கைப்பேசியைத் தாங்கியில் நேர் கீழே பார்க்கும்படி பொருத்தி, இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே நிறமுள்ள விளக்கு. தாளைக் 'கூர்மைப்படுத்தும்' ஸ்கேன் செயலிகளைத் தவிருங்கள்: அவை பின்னணியை வெள்ளையாக்கும்போது பென்சில் திருத்தத்தையும் அழித்துவிடும். முன்னட்டை, பின்னட்டை, வெற்றுப்பக்கம் உள்பட எல்லாம். 31 நோட்டுக்கு 1,860 விரிப்பு. நிமிடத்துக்கு மூன்று என்றால் ஏறக்குறைய பத்தரை மணி நேரம். புரட்டிப் பிடிக்க ஒருவர், எடுக்க ஒருவர் இருந்தால் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமையில் முடியும். பென்சிலால் மட்டும் எழுதிய பக்கங்களைப் பிறகு 400 புள்ளி அடர்த்தியில் தனித்தனியாக ஸ்கேன் செய்யுங்கள். சுருக்காத டிஃப் கோப்பாக ஏ4 அளவுக்கு 46 எம்.பி. வரும்.

கோப்பின் பெயரில் நோட்டு எண்ணும் பக்க எண்ணும் மட்டும் போதும், ஆங்கில எழுத்திலும் எண்ணிலும். கவிதைத் தலைப்பைக் கோப்பின் பெயராக்காதீர்கள். தலைப்பு நோட்டுக்கு நோட்டு மாறும். மூன்று படி வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று கோலாலம்பூரில் இருக்கட்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் இதில் வேலை இருக்கிறது: வருஷத்துக்கு ஒருமுறை வன்தட்டைச் செருகித் திறந்து பார்க்க மொழி வேண்டாம்.

---

ஆடிப்பெருக்கு:

ராமபாணம் சொன்ன எல்லாம் சரி. ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: பெரியம்மாவைக் கேட்டீர்களா?

ஐம்பது அறுபது வருஷம் எழுதியவர் ஒரு புத்தகமும் போடவில்லை என்றால் காசில்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். போட வேண்டாம் என்று அவரே முடிவெடுத்திருக்கலாம். அதற்கு அடையாளம் நோட்டிலேயே இருக்கும். குறுக்கே ஒரே கோடாக அடித்த கவிதை வேறு, வரி வரியாகத் திருத்திய கவிதை வேறு. முன்னது கைவிட்டது, பின்னது வேலை நடந்துகொண்டிருந்தது. 31-இல் இரண்டு மூன்று நோட்டு அடித்தல் திருத்தல் இல்லாமல் நல்ல கையெழுத்தில் இருந்தால், அதுதான் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தொகுப்பு. அங்கிருந்து தொடங்குங்கள், மற்றவை அதற்கு அடிக்குறிப்பு.

நாட்குறிப்பும் கடிதமும் கவிதை இல்லை. அதில் உயிரோடு இருப்பவர்கள் இருப்பார்கள்: கடன், சண்டை, சாதிப்பேச்சு, தரகு பேசி நின்றுபோன சம்பந்தம். பதினாறாம் நாள் கூட்டத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்கிற காரியத்தை மட்டும் செய்யாதீர்கள். ஒருவர் மட்டும், அதுவும் பெரியம்மா ஒப்பினால், மேலோட்டமாகப் பார்த்து, வேண்டியதை உறையிலிட்டு, 'இன்ன ஆண்டு வரை திறக்க வேண்டாம்' என்று மேலே எழுதி ஒட்டுங்கள். இருபத்தைந்து ஆண்டு நியாயமான கெடு. எரிக்கச் சொல்லியிருந்தார் என்று பெரியம்மா சொன்னால்கூட வருஷம் திரும்பும்வரை பொறுங்கள், துக்கத்தில் எடுக்கிற முடிவுக்கு அவசரம் அதிகம். வருஷம் கழித்தும் அதையே சொன்னால் எரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதும் ஒருவித மரியாதைக் குறைவுதான்.

---

ராமபாணம்:

எரிப்பது பற்றி எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அது அந்த வீட்டாரின் உரிமை. ஒன்று மட்டும். ஏடுகளை ஆற்றில் விட்டவர்களும் நெருப்பில் இட்டவர்களும் அதை மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தது அந்த மரியாதையில் தப்பியதைத் தேடித்தான்.

நாட்குறிப்பில் சலிப்பூட்டுகிற பகுதிதான் பிற்பாடு விலைமதிப்பு உள்ளது. எந்தத் தோட்டத்தில் அன்று பால்மரம் வெட்டவில்லை (ரப்பர் பால் எடுக்கவில்லை), மழை எத்தனை நாள், நாள்கூலி எவ்வளவு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எந்த லாரியில் போனார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பான பிறகு அதை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. கவிதையில் அது இருக்காது, கவிதையில் நிலா இருக்கும்.

---

சாட்சிக் கையெழுத்து:

சட்டப் பக்கம், சுருக்கமாக. முஸ்லிம் அல்லாதவர், தீபகற்ப மலேசியா என்ற அனுமானத்தில்.

நோட்டு என்ற பொருள் வேறு, அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை வேறு. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் எண்ண வேண்டும். 2025-இல் மறைந்தவருக்கு 2075 டிசம்பர் 31 வரை. அது அசையும் சொத்துப் போலவே வாரிசுக்குப் போகும். உயில் இல்லையென்றால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்: இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆக உங்கள் வீட்டில் நால்வர் உரிமைக்காரர்கள். நீங்கள் அதில் இல்லை, கொடிமலை! எவ்வளவு உழைத்தாலும் அவர்கள் கையெழுத்து இல்லாமல் நூல் போடக் கூடாது.

இப்போதே, எல்லாரும் ஒரே வீட்டில் கூடும் பதினாறாம் நாளிலேயே, ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கையெழுத்துப் படிகள் யார் பொறுப்பில் இருக்கும், படியெடுக்க அனுமதி, நூலாக்க அனுமதி உண்டா, இணையத்தில் முழுவதும் போடலாமா, வருமானம் வந்தால் யாருக்கு. (வராது. ஆனாலும் எழுதுங்கள். இல்லாத பணத்துக்குத்தான் சண்டை அதிகம்.) தமிழ் வாசிக்காத இருவருக்காக மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு படி. இது நினைவுக் குறிப்புதான். உரிமையை ஒருவர் பெயருக்கு மாற்றுவதானால் தனிப்பத்திரம் வேண்டும், வழக்கறிஞரைப் பாருங்கள்.

பத்திரிகையில் வந்தவை: வெளியிலிருந்து அனுப்பியதென்றால், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை உரிமை அவருடையதே. அவர் அந்த ஏட்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்த காலத்தில் எழுதியது வேறு கணக்கு, அதைத் தனியாகக் குறித்துவையுங்கள். வானொலிப் பதிவுக்கு உள்ளே இருக்கும் கவிதை அவருடையது, ஒலிபரப்பின் உரிமையோ வானொலி நிலையத்துடையது. வீட்டில் கேட்கலாம், காப்பாகப் படியெடுத்து வைக்கலாம், வலையேற்றும் முன் கேட்க வேண்டும். பிஸ்கட் டின் கடிதங்களில் இன்னொரு சிக்கல்: அவருக்கு வந்த கடிதத்தின் தாள் உங்கள் வீட்டுடையது, வாசகம் எழுதி அனுப்பியவருடையது. நூலகத்துக்குக் கொடுக்கலாம், அச்சிடக் கூடாது.

கொடுப்பது எங்கே? மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது. முதலில் அங்கே நூலகத்தில் கேளுங்கள். தேசிய ஆவணக்காப்பகம் தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது. நாட்குறிப்புக்கும் தோட்டக் கடிதங்களுக்கும் அது பொருத்தம். பழைய அச்சுப் பிரதிகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டு, ஆனால் கையெழுத்துப் படி கடல் தாண்டுவதை வாரிசுகள் நால்வரும் ஒப்ப வேண்டும். எங்கே போனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறக்காதீர்கள். முதலில் பட்டியல் அனுப்புங்கள்: எத்தனை நோட்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வகை, நிலை எப்படி. ஒப்படைப்புக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: குடும்பத்துக்கு மின்படி கிடைக்கும், உறையிட்டது கெடுவரை திறக்கப்படாது, அவர்களுக்கு வேண்டாதது தூக்கிப் போடப்படாமல் திரும்பி வரும். மூன்றாவதை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

பொன்னாடையை யாரும் வாங்க மாட்டார்கள். கேடயத்தையும். வாசகம் பொறித்த பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு விடுங்கள். தேதியும் அமைப்பின் பெயரும் அதில் இருக்கும், அது வாழ்க்கைக்குறிப்புக்கு உதவும்.

---

ஓடாத கேசட்:

எல்லாரும் காகிதத்தையே பார்க்கிறீர்கள். உங்கள் பட்டியலில் முதலில் சாகப்போவது கைப்பேசி.

அவர் கடைசி சில ஆண்டு எழுதியது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும். கணக்கு 120 நாள் இயங்காமல் இருந்தால் நீக்கப்படும். முன்பணச் சிம் என்றால் காலாவதியானதும் எண் வேறொருவருக்குப் போகும், அதோடு எல்லாம் முடிந்தது. இன்றே பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) டாப்-அப் செய்யுங்கள். திரைப்பூட்டு எண் தெரியவில்லை என்றால் ஊகித்து ஊகித்துத் தட்டாதீர்கள், பூட்டிக்கொள்ளும். திறக்க முடிந்தால் ஒவ்வொரு குழுவாக உரையாடலை ஏற்றுமதி செய்யுங்கள்: படங்களோடு என்றால் 10,000 செய்தி வரை, படமில்லாமல் 40,000 வரை வரும். இரண்டு விதமாகவும் எடுங்கள். அவர் அனுப்பிய குரல்பதிவுகளை விட்டுவிடாதீர்கள்.

பிளாப்பி. செருகும் முன் உலோகக் கதவை நகர்த்தி உள்ளே வெளிச்சத்தில் பாருங்கள். வட்டத்தட்டில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது பூஞ்சை. அதைச் செருகினால் வாசிப்பானின் தலை அழுக்காகி அடுத்த எட்டையும் சுரண்டும். சுத்தமானவற்றை முதலில் முடித்துவிட்டுப் பூஞ்சைத்தட்டைக் கடைசியாக வையுங்கள். எழுதத் தடை செய்யும் சின்னச் சாளரத்தைத் திறந்துவிட்டு, யு.எஸ்.பி. வாசிப்பானில் முழுத்தட்டாகப் படியெடுங்கள். கோப்பு திறந்ததும் வாசிக்க முடியாத குறிகளாகத் தெரிந்தால் பதற வேண்டாம்: முத்து நெடுமாறனின் முரசு என்ற தமிழ் மென்பொருள் 1985 முதல் இங்கே புழங்குகிறது, யூனிகோடுக்கு முந்தைய கோப்பெல்லாம் அப்படித்தான் தெரியும். எந்த எழுத்துரு என்று ஆவணத்துக்குள் பெயர் இருக்கும். முரசு, டிஸ்கி, டாப், டாம், பாமினி ஒவ்வொன்றுக்கும் மாற்றி உண்டு. தவறான மாற்றியில் போட்டால் பாதி சரியாகவும் பாதி கந்தலாகவும் வரும். அந்தக் கந்தலைக் கையால் திருத்தத் தொடங்காதீர்கள், வேறு மாற்றியைப் போடுங்கள். மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட்டில் மேல்விளிம்பின் இரண்டு காதையும் முதலில் உடைத்துவிடுங்கள், தவறுதலாகப் பதிவாகாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெண்பொடி தெரிகிறதா? தெரிந்தால் ஓட்ட வேண்டாம், தனி உறையில் போடுங்கள், அதை இதற்கென்று இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். சுத்தமாக இருப்பதை ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் முழுக்கச் சுற்றுங்கள், இறுக்கம் சீராகும். டெக்கின் தலையையும் நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பியையும் 99 விழுக்காட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒருமுறை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் அதிகம் போனால் வெடித்துவிடும், ஈரத்துணி போதும். ஒலி மங்கலாகவே வருகிறது என்றால் நாடா கெட்டதாக இருக்க வேண்டியதில்லை: நாடாவைத் தலையோடு அழுத்தும் சின்னக் கம்பளித்துண்டு விழுந்திருக்கும். வேறொரு பழைய கேசட்டின் கூட்டைத் திறந்து சுருள் இரண்டையும் அதில் மாற்றி வைத்தால் சரியாகும். கூடு திருகாணி இல்லாமல் ஒட்டியதாக இருந்தால் விளிம்பில் கத்தி வைத்து நெம்ப வேண்டும், பொறுமை தேவை. அப்படியும் மங்கல் என்றால் தலைக்குப் பக்கத்துத் திருகாணியை மயிரிழை திருப்பி, 'ச', 'ஸ' ஒலி எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். 120 நிமிட நாடா மிக மெல்லியது, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு ஜி.பி. உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையைப் படியில் செய்யுங்கள், மூலத்தில் வேண்டாம். மரபுக்கவிதையை அவரே வாசித்தது கிடைத்தால், எங்கே சீர் பிரித்தார், எங்கே மூச்சு விட்டார் என்பது பதிப்பிக்கிறவருக்கு நோட்டைவிடத் தெளிவான சான்று.

---

தளைதட்டி:

புத்தகக் கட்சிக்காரருக்கு: திவசத்துக்குப் போடலாம், ஆனால் எல்லாவற்றையும் இல்லை.

முதலில் புனைபெயர்ப் பட்டியல். பிறகு பாட்டு முதற்குறிப்பு: ஒவ்வொரு கவிதையின் முதல் இரண்டு சீரையும் அகர வரிசையில் எழுதி, எதிரே நோட்டு எண், பக்கம், பத்திரிகைத் துண்டு இருந்தால் அதன் தேதி. தலைப்பு மாறும், முதலடி அவ்வளவாக மாறாது. இது முடிந்தாலே ஒரே கவிதை எத்தனை இடத்தில் எத்தனை வடிவத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தேதி இல்லாதவற்றுக்குச் சுவடு தேடுங்கள். நாட்டை மலாயா என்கிறாரா, மலேசியா என்கிறாரா (1963). பினாங்குப் பாலத்தைப் பாடினால் அது 1985-இல்தான் திறந்தது. எழுத்துச் சீர்திருத்தத்தை வைத்துக் கையெழுத்தைக் கணிக்காதீர்கள்: தமிழ்நாட்டு அரசாணை 1978, அச்சு மாறியது, ஆனால் பழைய கொம்பு வைத்த லை, ணை போட்டுப் பழகிய கை சாகும்வரை அப்படியே எழுதும். மின்னியல் எழுத்துணரிக்கும் (ஓ.சி.ஆர்.) அந்தப் பழைய வடிவங்கள் பல சமயம் பிடிபடாது. கையெழுத்தைத் தட்டச்சு செய்வதுதான் வழி. குரல்வழித் தட்டச்சு உரைநடைக்குச் சரி, புணர்ச்சி வந்த செய்யுளைச் சிதைத்துவிடும்.

பூச்சி அரித்த எழுத்தை ஊகிக்க மரபுக்கவிதையில் ஒரு வசதி உண்டு, புதுக்கவிதைக்கு அது கிடையாது. நாலடி விருத்தத்தில் மூன்றடி 'கண்ணில்', 'மண்ணில்', 'விண்ணில்' என்று தொடங்கினால் நான்காம் அடியின் இரண்டாம் எழுத்து ஓட்டையாக இருந்தாலும் எதுகைப்படி அது 'ண்'தான். வெண்பாவில் தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதி) பார்த்தால் தட்டச்சுப் பிழை பளிச்சென்று தெரியும். யூனிகோடில் ஏற்றியதை அவலோகிதம் மென்பொருளில் போட்டால் சீரும் தளையும் பிரித்துக் காட்டும். தளை தட்டுகிற இடமெல்லாம் உங்கள் பிழை என்றும் இல்லை, அவர் பிழை என்றும் இல்லை. நோட்டைப் பாருங்கள். நோட்டிலும் அப்படியே இருந்தால் அப்படியே அச்சிட்டு அடிக்குறிப்பு போடுங்கள். சத்தமில்லாமல் திருத்தினால் பதிப்பாசிரியர் கவிஞராகிவிடுகிறார், யாரும் கேட்காமலே.

அளவு: பக்கத்துக்கு ஒன்று என்று 80, 90 கவிதை. முன்னுரை, குறிப்பு, முதற்குறிப்பு சேர்த்து 112 பக்கத்தில் முடியும். 16 பக்கம் ஒரு பாரம், ஏழு பாரம். 113 பக்கம் ஆனால் எட்டாவது பாரத்தில் 15 வெற்றுப்பக்கத்துக்குக் காசு கொடுப்பீர்கள். 300 படிக்குக் கீழே மின்னியல் அச்சு, 500-ஐத் தாண்டினால் ஆஃப்செட். வாழ்த்துரை நான்கு பேரிடம் வாங்கினால் ஒரு பாரம் அதிலேயே போகும், பதினாறு கவிதை வெளியே நிற்கும். எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நூல் எண்ணைத் தேசிய நூலகத்திடம் விண்ணப்பித்துப் பெறுங்கள். அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி உள்ளே இருக்க வேண்டும். வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து படி தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்க வேண்டும், 1986-ஆம் ஆண்டுச் சட்டம். எல்லாப் படியும் மண்டபத்திலேயே தீர்ந்துபோய் இந்த ஐந்து போகாமலே நின்ற நூல்கள் உண்டு. ஐந்தை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள்.

---

கொடிமலை:

எல்லாருக்கும் நன்றி. டாப்-அப் செய்தாயிற்று, படம் எடுத்தாயிற்று. பெரியம்மா எரிக்கச் சொல்லவில்லை. நாட்குறிப்பை மட்டும் தன் பீரோவில் வைத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். 31-ஆம் நோட்டில் கடைசியாக எழுதிய பக்கத்தில் ஒரு நேரிசை வெண்பா. பதினாலு சீர் இருக்கிறது. பதினைந்தாவது இல்லை. ஓரத்தில் பென்சிலில் 'விளக்கு', 'வழக்கு' என்று இரண்டு சொல். அண்ணன் 'விளக்கு' என்று போட்டு முடித்து அதை நூலின் கடைசிப் பக்கத்தில் வைக்கலாம் என்கிறார். இலக்கணப்படி எது சரி?

---

தளைதட்டி:

இரண்டும் சரி. விளக்கு, வழக்கு இரண்டும் 'பிறப்பு' வாய்பாடு, வெண்பாவின் ஈற்றுச்சீராக வரலாம். பதினாலாவது சீர் மா என்ற வகையில் முடிந்திருந்தால் இரண்டுக்கும் தளை தட்டாது. காயிலோ விளத்திலோ முடிந்திருந்தால் இரண்டுக்குமே தட்டும், அப்படியானால் அவர் வேறு சொல் தேடிக்கொண்டிருந்தார் என்று பொருள். யாப்பை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி இல்லை. பொருளை வைத்து உங்கள் அண்ணன் தேர்ந்தெடுத்தால் அது அவருடைய வெண்பா.

பதினாலு சீரை அச்சிட்டு, பதினைந்தாவது இடத்தில் ஒரு சீர் அகலத்துக்குப் புள்ளிக்கோடு விடுங்கள். கீழே சின்ன எழுத்தில்: 'ஈற்றுச்சீர் எழுதப்படவில்லை. ஓரத்தில் பென்சிலில்: விளக்கு, வழக்கு. நோட்டு 31.' பக்க எண்ணையும் சேருங்கள். அச்சகத்தில் பக்கம் அமைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் விடுபட்டது என்று நினைத்து அந்தப் புள்ளிக்கோட்டை எடுத்துவிடுவார்.